இருபத்தேழாம் குரல்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 ஜனவரி 2024

தம்பி குருவுக்கு,

நாளை பொங்கல். உனக்கும் மாதவிக்கும் என் வாழ்த்து. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றபடி கட்டுக்குள் இருக்கும் விஷயம் எதுவும் இல்லை. தொண்டை கரகரப்பாக இருக்கிறது என்று தீபாவளிக் கடிதத்தில் எழுதியிருந்தாய். டாக்டரிடம் காட்டினாயா?

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. பெட்டாலிங் ஜெயாவில் கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்தபோது சுங்கை பெசி தளத்திலிருந்து பறந்த போர் விமானங்களை வைத்து ஒரு விளையாட்டு செய்கிறார்கள். ஆடுபவன் விமானத்தை ஓட்டிக்கொண்டு சுடுவான். காதில் மற்ற விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டு ஆளும் வானொலியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குரல்களின் உச்சரிப்பு அந்தக் காலத்துக்கும் அந்த ஆளுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, ஏற்கலாம் அல்லது நீக்கலாம் என்று எழுதுவது என் வேலை.

போன வாரம் முதல் தொகுதியைக் கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆஸ்திரேலிய விமானிக்கு அமெரிக்கக் குரல். சீக்கிய சார்ஜண்ட் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டுவது காதிலேயே தெரிகிறது. காப்பார் கடற்கரையில் விமானம் பார்த்துத் தகவல் சொல்லும் மலாய்க்காரர் ஜகார்த்தாவில் பிறந்தவர் போல் பேசுகிறார். ஒருவன் சாகும்போது, நம் கடைத்தெருவில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டுகிற 'லா' சொல்கிறான். ராணுவ வானொலியில், 1941-ல்!

நான் வானொலியில் செய்தி வாசித்த பத்தொன்பது வருடமும், என் ஆங்கிலம் வெள்ளைக்காரத்தனமாக இருக்கிறது என்று சொல்லியே காலை ஆறு மணிச் செய்திக்கு மேல் என்னை ஏற்றவில்லை. அதே ஆங்கிலத்தை, நான் இங்கிலாந்தில் லீட்ஸில் படித்தபோது கேட்டவர்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். பிறகு கல்லூரியில் ஒலியியல் நடத்தினேன். என்னை நீக்குவதற்காகப் பாடத்தையே நீக்கினார்கள். இப்போது என் காது யாருக்கோ வேண்டியிருக்கிறது. ஒருத்தரையும் விடப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
வாசு


கிள்ளான்,
28 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதவி நலம். நானும் ஓடிக்கொண்டிருக்கிறேன். தொண்டையைக் காட்டியாகிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் ஏதேதோ எடுத்துப் பார்த்தார்கள். வயசாகிறது, வேறென்ன. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவர்களுக்கு இருபத்தாறு வருடம் வாக்கி டாக்கியில் கத்தினால் தொண்டை பூப்போல இருக்குமா? மாதவி, "கத்துனது போதும், லீவு போடுங்க" என்கிறாள்.

உங்கள் வேலையைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. சந்தோஷப்பட்டேன். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

சில சந்தேகங்கள். பேசுபவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா, அல்லது வெறும் எண்தானா? யார் வேண்டுமானாலும் போய்ப் பேசிப் பார்க்கலாமா? ஒருத்தர் பேசியதை முழுவதும் கேட்ட பிறகுதானே தீர்ப்பு எழுதுவீர்கள்?

அம்மாவின் பதினாறாம் நாளன்று நீங்கள் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொன்னீர்கள். பந்தலுக்குப் பின்னால் நான் அதை உங்களைப் போலவே பேசிக் காட்டினேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்று நீங்கள் சொல்லிப் பதினொரு வருடம் ஆகிறது. ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிற அண்ணன் தம்பி மலேசியாவிலேயே நாம் மட்டும்தான் இருப்போம். தபால்காரருக்கு நம்மால் பிழைப்பு. நான் அந்தப் பேச்சை மீறவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியில் புட்டு வாங்கினால் சீனி போடாமல் கேளுங்கள்.

உங்கள் தம்பி,
குரு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
20 பிப்ரவரி 2024

தம்பி குருவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லீவு போட்டாயா? மாதவி சொல்வதைக் கேள். எனக்கு முட்டி வலி; நான்காவது மாடி, லிஃப்ட் மூன்று நாளாக வேலை செய்யவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: பெயர் தெரியாது, எண் மட்டும்தான். யார் வேண்டுமானாலும் போகலாம். அதனால்தான் இந்தக் கதி.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இந்த விளையாட்டில் நாதன் என்று ஒரு பாத்திரம். கிள்ளான் தமிழர், இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர், சுங்கை பெசியில் தரையிலிருந்து விமானிகளுக்கு வழி சொல்பவர். ஆட்டம் முழுக்கக் கேட்கப்போகும் குரல் அவருடையதுதான். அதற்கு ஆறு பேர் பேசியிருந்தார்கள். ஐந்து பேர் வெறும் அசடு. ஆறாவது ஆள், எண் 27. நாற்பத்து மூன்று வரி பேசியிருக்கிறான். குரலில் வயது ஏறிக் கிடக்கிறது. இவர்கள் வேறு அதன் மேல் விமான இரைச்சலையும் பழைய வானொலிக் கரகரப்பையும் பூசிவிட்டார்கள். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வந்த உச்சரிப்பைக் கேட்டு நான் அதிர்ந்து போனேன். ஏனென்று தெரியவில்லை, கேட்கக் கேட்க உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வரியோடு மூடிவிட்டேன்.

நான் எழுதிய குறிப்பை உனக்காகப் படியெடுக்கிறேன்:

'எண் 27. கிள்ளான்காரராகவும் இல்லை, இங்கிலாந்தில் படித்தவராகவும் இல்லை. வெள்ளைக்காரனாக ஆசைப்பட்டு, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கோமாளி. இப்படி ஒரு மனிதன் இருந்திருக்கவே முடியாது. நீக்குக.'

அங்கே குரல்களைச் சேகரிக்கும் ஷாமினி என்ற பெண் உடனே கூப்பிட்டாள். "அங்கிள், மிச்ச லைனையும் கேட்டுட்டு சொல்லுங்க லா. கடைசி லைன் கேட்டு இங்க ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

"அழுகைக்கும் உச்சரிப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன். பேசியவருக்கே என் குறிப்பை அனுப்பிவைப்பார்களாம். நல்லது. தெரிந்துகொள்ளட்டும்.

பதில் போடு.

அண்ணன்,
வாசு


கிள்ளான்,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கவும். வீட்டில் கொஞ்சம் வேலை. சித்திரைப் புத்தாண்டு வருகிறது, வாழ்த்துகள். உங்கள் முட்டிக்கு மாதவி ஒரு தைலம் சொல்கிறாள். இங்கே ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவில் கிடைக்கும், வாங்கி அனுப்புகிறோம். நான் நிறைய லீவு போட்டுவிட்டேன். இப்போது கஞ்சிதான் சாப்பாடு. இளைத்துவிட்டேன், பழைய சட்டையெல்லாம் திரும்பப் பொருந்துகிறது.

குறிப்பு நன்றாக இருந்தது. 'இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட' என்ற இடத்தில் மாதவிகூடச் சிரித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் நீக்கிய பதிவுகளை அவர்கள் என்ன செய்வார்கள்? எங்காவது வைத்திருப்பார்களா?

உங்கள் தம்பி,
குரு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
25 ஏப்ரல் 2024

குருவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கவும் தோன்றவில்லை.

ஏழு வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிறகு அரைப் பக்கம் வந்தது. ஏதோ சரியில்லை என்று பட்டது. யோசித்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு, உனக்கு ஐம்பத்திரண்டு. ஒரு கோபத்தை இன்னும் எத்தனை வருடம் தூக்கிக்கொண்டு திரிவது என்று போன ஞாயிற்றுக்கிழமை, 21-ம் தேதி, நானே போனை எடுத்தேன். என் பேச்சை நானே மீறினேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நீ எடுத்தாய். "குரு, அண்ணன் பேசறேன்டா" என்றேன். பதில் இல்லை. "இருக்கியா?" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. குழாய்க்குள் காற்று போய் வருவது போல ஒரு மூச்சு. நான்கு தடவை உன் பெயரைச் சொன்னேன். ஒரு நிமிடம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நீ வைத்துவிட்டாய்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு இறங்கி வந்தவனுக்கு இதுதான் மரியாதையா? திரும்பக் கூப்பிடுவாய் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன். பிறகு உன் எண், மாதவியின் எண், வீட்டு எண் மூன்றையும் என் போனில் தடுத்துவிட்டேன். இனி நீ நினைத்தாலும் முடியாது.

கேட்ட கேள்விக்குப் பதில்: நீக்கிய பதிவுகளைத் தொண்ணூறு நாளில் அழித்துவிடுவார்கள். ஒப்பந்தம் அப்படி. நாதனுக்கு லண்டனிலிருந்து ஒரு நடிகர் பேசுகிறார். 27 என்ற கோமாளி மே 19-ம் தேதியோடு இல்லாமல் போவான்.

வாசு


கிள்ளான்,
6 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபப்படாதீர்கள், சர்க்கரை ஏறும். தைலம் வந்ததா?

போனை எடுத்தது நான்தான். திரையில் உங்கள் பெயரைப் பார்த்ததும் எதையும் யோசிக்காமல் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உங்கள் காதில் என் குரல் விழக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள், விழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் நம் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் உங்கள் குரல் என் காதில் விழுந்தது. "இருக்கியா?" என்று கேட்டீர்கள். இன்னும் அந்தச் செய்தி வாசிக்கிற மாதிரியேதான் கேட்கிறீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அதனால் வைத்தேன். அவமரியாதை இல்லை, அண்ணே.

நமக்குக் கடிதமே நல்லது. இதில் யாரும் யாரையும் பேசிக் காட்ட முடியாது.

உங்கள் தம்பி,
குரு


கிள்ளான்,
16 மே 2024

அன்புள்ள பெரிய அத்தானுக்கு, மாதவி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. திங்கட்கிழமை இவருக்கு மிகவும் முடியாமல் போனதிலிருந்து எட்டு தடவை கூப்பிட்டுவிட்டேன், போகவில்லை. எண்களைத் தடுத்துவிட்டதாக நீங்கள் எழுதியதை இவர் என்னிடம் காட்டவில்லை. இன்று இவர் தலையணைக்கு அடியில் பார்த்தேன்; பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டும் நீங்கள் எடுக்கவில்லை.

இவருக்குத் தொண்டையில் புற்றுநோய். டிசம்பரில் தெரிந்தது. பிப்ரவரி 22-ம் தேதி அறுவை செய்து குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை போட்டிருக்கிறார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். நீங்கள் போனில் கேட்டது அதுதான். நோய் இன்னும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், அது டாக்டருக்கே தெரியாது. பேச்சு இனி இல்லை. அது நிச்சயம்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அண்ணன் பரிதாபப்பட்டுப் போன் பண்ணா அது போன் இல்ல" என்றார், அப்போது பேச்சு இருந்தது. இன்று சத்தியத்தை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எண் 27 இவர்தான்.

உங்கள் பொங்கல் கடிதம் வந்த அன்றே முடிவு செய்துவிட்டார். "குரல் போறதுக்குள்ள அண்ணன் காதுல ஒரு தடவை விழணும். பேச்சையும் மீறக் கூடாது. இதுல அவர் கேட்டுத்தான் ஆகணும், வேலையாச்சே" என்று சிறு பிள்ளை மாதிரிக் குதித்தார். பிப்ரவரி 3-ம் தேதி நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் பேசினார். இடையிடையே ரத்தமாகத் துப்பினார். அதற்குப் பிறகு அவர் பெரிதாகப் பேசவில்லை. எங்களிடம் இவர் குரல் வேறெதுவும் இல்லை. போனில் இருப்பதெல்லாம் "வரேன்", "வாங்கிட்டேன்", அவ்வளவுதான்.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வந்தது. வார்டில் நான்தான் படித்துக் காட்டினேன். முன்கூட்டி நான் மட்டும் படித்திருந்தால் படித்துக் காட்டியிருக்க மாட்டேன். இவர், பேச்சுக்குப் பதிலாகக் கொடுத்திருந்த எழுதுபலகையில் 'திரும்பப் படி' என்று எழுதினார். திரும்பப் படித்தேன். நிறுவனம் அனுப்பிய உங்கள் குறிப்பை எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்.

19-ம் தேதி அழித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தடுங்கள். எனக்கு அந்தக் குரல் வேண்டும். நிறுவனத்துக்குக் கூப்பிட்டேன்; நீக்கியவர் எழுதிக் கொடுத்தால்தான் முடியுமாம். ரயிலேறி உங்கள் வீட்டுக்கே வந்திருப்பேன், இவரை அரை மணி தனியாக விட முடியாத வாரம் இது. இந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாமலே போடுகிறேன்.

மாதவி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
23 மே 2024

குரல் பிரிவின் ஷாமினி அவர்களுக்கு,

நீங்கள் நலமென்று நம்புகிறேன். நேற்று முன்தினம் மதியம் நான் போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுத்தான் இதைத் தொடங்க முடியும். தம்பி மனைவியின் கடிதம் அன்றுதான், ஐந்து நாள் கழித்து, என் கைக்கு வந்தது. "அங்கிள், ஞாயித்துக்கிழமையே டிலீட் ஆயிருச்சு. சிஸ்டம் தானா பண்ணிடும்" என்று நீங்கள் சொன்னபோது என் காதில் வேறெதுவும் விழவில்லை.

கீழே உள்ளதை என் எழுத்துபூர்வமான வாக்குமூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. எண் 27-ன் நாற்பத்து மூன்று வரிகளில் பத்தை மட்டுமே கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினேன். முழுவதும் கேட்கச் சொன்னீர்கள், மறுத்தேன்.

அடுத்தது, உங்கள் ஒப்பந்தப்படி ஆய்வுக்கு வந்த நகல்களை நான் உடனே அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. உங்கள் நிறுவனம் எவ்வளவு மோசமான குரல்களைத் தேர்ந்தெடுக்கிறது என்று ஒரு நாள் மேலிடத்துக்கு எழுதிக் காட்டுவதற்காக, நீக்கியதையெல்லாம் 'சாட்சி' என்று பெயரிட்டு என் கணினியில் சேர்த்துவைத்தேன். எனக்கு இழைக்கப்பட்ட எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை. அது என் பழக்கம். எண் 27, வெட்டாத முழு நகல், அதில் இருக்கிறது. நேற்று முழுவதும் கேட்டேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இப்படி ஒரு மனிதன் இருந்திருக்கவே முடியாது என்று எழுதினேன். அது தவறு. அந்த மனிதன் இருக்கிறான். பிரிக்ஃபீல்ட்ஸில், நான்காவது மாடியில் இருக்கிறான். இந்த உச்சரிப்பைத் தவறென்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

நாதனாக இந்தக் குரலையே வையுங்கள். நகல் வைத்திருந்ததற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன்.

வாசுதேவன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
10 ஜூன் 2024

என் தம்பி குருவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இத்தனை கடிதங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது. இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

மாதவியைக் கோபிக்காதே.

மே 22, விசாக லீவு. கோயில் பக்கமெல்லாம் கூட்டம். நான் ஜன்னலை மூடிக்கொண்டு 27-ஐத் திறந்தேன். முதல் பத்து வரியில் மறுபடியும் உடம்பு எரிந்தது. ஆனால் இந்தத் தடவை நிறுத்தவில்லை. பதினோராவது வரியில் நாதன் ஒரு விமானியைத் திட்டுகிறான். அந்த இடத்தில் ஒரு சொல்லை நீட்டி நிறுத்துகிறாய். அம்மாவின் பதினாறாம் நாளன்று நன்றி சொன்னபோது நான் அப்படித்தான் நிறுத்தினேன். பேச்சு தொண்டையில் அடைத்துக்கொண்டது, அதனால் நிறுத்தினேன். பந்தலுக்குப் பின்னால் நீ அதையும் சேர்த்துப் பேசிக் காட்டினாய்.

குரு, நான் கோமாளி என்று எழுதியது என்னை. முப்பது வருடம் உச்சரிப்பை வைத்தே பிழைத்தவனுக்குத் தன் உச்சரிப்பே அடையாளம் தெரியவில்லை. தன் தம்பியையும் தெரியவில்லை.

கடைசி வரியைக் கேட்டேன். தளத்தைக் கைவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். 'நீலம் இரண்டு' என்று அழைக்கப்படும் ஒரு விமானம் மட்டும் திரும்பவில்லை. நாதன் போகாமல் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். "நீலம் இரண்டு, நான் பேசுவது கேட்கிறதா? நீலம் இரண்டு, கேட்கிறதா?" நான்கு தடவை. நானும் உன்னைப் போனில் நான்கு தடவைதான் கூப்பிட்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நகல் வெட்டாதது, அதனால் ஓடிக்கொண்டே இருந்தது. இரைச்சல் பூசாத உன் சொந்தக் குரல். நீயும் ஷாமினியும் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நீ மறந்திருப்பாய்.

"ஓகே அங்கிள், முடிஞ்சிருச்சு. சூப்பர்."

"முடிஞ்சிருச்சா? வேணும்னா இன்னொரு வாட்டி பேசறேம்மா. இன்னிக்கு விட்டா கஷ்டம்."

"ஏன் அங்கிள், ஊருக்குப் போறீங்களா?"

"அந்த மாதிரிதான்."

இருமல். நீண்ட இருமல். மாதவி ஏதோ சொல்கிறாள்.

"இந்த ஸ்லாங்கை எங்க புடிச்சீங்க அங்கிள்? செம்மயா இருக்கு."

"எங்கண்ணனோடது. ரேடியோல நியூஸ் வாசிச்சாரு. காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு கேப்பேன், பத்தொம்பது வருஷம். ஒரு நாள் விட்டதில்ல. துறைமுகத்துல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. நானும் பண்ணுவேன். அவர மாதிரி பேச எனக்கு மட்டுந்தான் வரும்."

"அவர் இத கேட்டா என்ன சொல்வாரு?"

"மூணாவது வார்த்தையிலயே கண்டுபுடிச்சிடுவாரு லா. காது அப்படி."

இதற்குமேல் பதிவு இல்லை.

நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. நகல் வைத்திருந்ததற்காக என்னை நீக்கிவிட்டார்கள். லண்டன்காரரின் குரலை எடுத்துவிட்டு நாற்பத்து மூன்று வரியையும் உன் குரலிலேயே வைக்கிறார்கள். உன் பெயர் வரும், என் பெயர் வராது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு யார் மேலும் வருத்தமில்லை. நீ கையெழுத்துப் போட வேண்டிய தாளை வைத்திருக்கிறேன். மாதவிக்கு அந்த முழுப் பதிவையும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மூன்று எண்களையும் திறந்துவிட்டேன். 23-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? வேண்டாமென்றால் எழுது. எழுதாவிட்டால் வந்துவிடுவேன்.

அண்ணன்,
வாசு


கிள்ளான்,
26 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போது பிடித்துப் பிடித்து ஏறினீர்கள். தைலத்தை விடாதீர்கள். எனக்கு இந்த வாரம் பரவாயில்லை. டாக்டர் அடுத்த மாதம் மறுபடி எடுத்துப் பார்ப்பார், அது வரைக்கும் நான் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஷாமினி அந்த விளையாட்டின் சோதனைப் பிரதியை அனுப்பியிருக்கிறாள். மாதவிதான் கணினியில் போட்டுக் கொடுத்தாள். எனக்கு விமானம் ஓட்ட வரவில்லை. துறைமுகத்தில் கப்பலையே நிறுத்தவைத்தவன், இதில் தரையிறங்கத் தெரியாமல் முட்டுகிறேன். பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். கடைசி ஆட்டத்தில் ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டால் நாதன் அந்தக் கடைசி வரியைப் பேச மாட்டான். வராவிட்டால்தான் கூப்பிடுவான். அதனால் இப்போதெல்லாம் புறப்பட்டதும் நேராகக் கடலில் விடுகிறேன். "ஏன் இப்படி வேணும்னே சாவறீங்க?" என்று மாதவி திட்டுகிறாள். 'அண்ணன் குரலைக் கேட்கத்தான்' என்று பலகையில் எழுதிக் காட்டினேன். அவள் கேட்பது என் குரலை. ஒரே வரிதான்; ஆளுக்கு ஒன்று கிடைக்கிறது.

உங்களிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். என் கழுத்தைப் பார்த்தீர்கள். பிரிட்ஜ் கதவில் இருந்த உங்கள் குறிப்பைப் பார்த்தீர்கள். அதைக் கிழிக்கப் போனீர்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மாதவி போட்ட தேநீரைக் குடித்தீர்கள். மூன்று மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. என் பலகையை வாங்கி 'வருகிறேன்' என்று எழுதிவைத்துவிட்டு ரயிலுக்குப் போனீர்கள்.

அண்ணே, நம் இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான் குரல் போயிருக்கிறது.

அடுத்த ஞாயிறும் வாருங்கள். கீழே கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். எதை வேண்டுமானாலும் பேசுங்கள், வானொலிக்காரர்களைத் திட்டுங்கள், கல்லூரிக்காரர்களைத் திட்டுங்கள், என்னையும் திட்டுங்கள். அந்த ஆறு மணிச் செய்தி உச்சரிப்பிலேயே திட்டுங்கள். கதவைத் திறந்துவைக்கிறேன். நீங்கள் படியேறும்போதே எனக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் தம்பி,
குரு